கஸ்கோனியரும் புதுவைப் புள்ளேமாரும்

(புதுச்சேரியில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



'பெயரும் பாஷையும்' என்று தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, எந்த ஊர்ப் பெயர், எந்த ஜனங்களின் பாஷை என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள் இக்கூட்டத்தை நடத்துகிறவர்கள். அந்தச் சுதந்திரத்தைச் சற்றே அதிகமாகப் பயன்படுத்திக்கொண்டு, பிரான்சு தேசத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கஸ்கோனி என்னும் நாட்டில் புறப்பட்டு, நம் புதுவையின் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்து சேரலாம் என்று எண்ணியிருக்கிறேன். பிரயாணம் நீண்டதுதான், ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிரான்சு என்றைக்குத் தூரமாக இருந்தது?

கரோன் ஆற்றுக்கும் பிரெனே மலைக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே உள்ள நிலம் கஸ்கோனி. ஜூலியஸ் சீஸர் காலத்தில் அங்கே இருந்தவர்களை அவர் அக்கித்தானியர் என்று குறித்து, அவர்கள் கோல் ஜாதியாரினின்றும் பாஷையால் வேறுபட்டவர்கள் என்று எழுதி வைத்தார். பிற்காலத்தில், மலைக்குத் தெற்கே இருந்த வஸ்கோனர் என்ற கூட்டத்தாரின் பெயர் மலையைத் தாண்டி வந்து இந்த நாட்டின்மேல் அமர்ந்தது. வகரத்தில் தொடங்கிய பெயர் ககரத்தில் வந்து நின்றதற்குக் காரணம், பிரெஞ்சு வாய் அப்படிப்பட்ட வகரங்களைக் ககரமாக்கிப் பேசுவதுதான். ஆங்கிலேயனின் வில்லியம் பிரெஞ்சுக்காரனிடம் கியோம் ஆனது இவ்விதம். ஆகவே பாஸ்கு என்ற பெயரும் கஸ்கோன் என்ற பெயரும் ஒரே வித்தில் கிளைத்தவை. மலைச்சாரலில் இருந்தவர்கள் தங்கள் ஆதி பாஷையை வைத்துக்கொண்டார்கள். சமவெளியில் இருந்தவர்கள் ரோமானியரின் லத்தீனை ஏற்று அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். அந்த வளைந்த லத்தீன்தான் கஸ்கோன் பாஷை.

அந்த ஆதி பாஷை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதில் ஒரு வாக்கியம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை பெயர்கள் மாத்திரமே. லத்தீனில் வெட்டிய கல்லறைக் கற்களிலும் பலிபீடங்களிலும், நடுநடுவே, மனிதர்களின் பெயர்களும் தெய்வங்களின் பெயர்களுமாகச் சில நூறு கிடக்கின்றன. அவற்றுள் 'கிஸோன்' என்று ஒலிக்கும் ஒரு பெயரைப் பார்த்தவர்கள், இது இன்றைய பாஸ்கு மொழியில் 'ஆண்பிள்ளை' என்று பொருள்படும் சொல்லாயிற்றே என்றும், 'நெஸ்கதோ' என்ற பெயரைப் பார்த்தவர்கள், இது 'சிறு பெண்' ஆயிற்றே என்றும் கண்டுகொண்டார்கள். ஒரு பாஷை முழுவதும் அழிந்து, அதைப் பேசியவர்களின் பெயர்கள் மட்டும் சாட்சி சொல்ல நின்ற விசித்திரம் இது. நமக்கு இது அந்நியமான காட்சி அன்று. இங்கிருந்து காக்காயன்தோப்புப் பக்கம், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேட்டு மண்ணில் அகழ்வாராய்ச்சியாளர் வீலர் 1945-ல் தோண்டியபோது, ரோமாபுரியின் மதுச்சாடித் துண்டுகளோடு கூடவே, தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் வெளிவந்தன அல்லவா? பானைக்கு உடையவன் தன் பெயரைக் கீறி வைப்பது அக்காலத்து வழக்கம்; அரசர்களின் சாசனம் போலவே குடியானவனின் பானையும் பேசுகிறது. நம்முடைய பாக்கியம், அந்தப் பாஷையை நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கஸ்கோன் பாஷையின் தனிக்குணம் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனெனில் அது நமக்கு மிகவும் பழகிய விஷயம். லத்தீனில் சொல் முதலில் வரும் ஃபகரம் கஸ்கோனில் ஹகரமாகிவிடும். திருவிழாவாகிய 'ஃபெஸ்தா' அங்கே 'ஹெஸ்தா'; பெண்ணாகிய 'ஃபெமினா' அங்கே 'ஹெம்னா'; மாவாகிய 'ஃபரினா' அங்கே 'ஹரியா'. ஆதி பாஷையில் ஃபகரமே இல்லாமையால் பழைய நாக்கு புதிய எழுத்தைத் தாங்கமாட்டாமல் இப்படி மூச்சாக விட்டுவிட்டது என்பது அறிஞருள் ஒரு சாராரின் அபிப்பிராயம், மறுப்போரும் உண்டு. நாமோ கன்னடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறோம். நம் பால் அங்கே ஹாலு. நம் புலி அங்கே ஹுலி. நம் பல் அங்கே ஹல்லு. இன்றைய சொற்பொழிவின் விஷயமாகிய 'பெயர்' என்ற சொல்லே அங்கே ஹெசரு. பாரிசிலிருந்து கஸ்கோனிக்குப் போகிற பிரெஞ்சுக்காரனுக்கு உண்டாகும் வியப்பும், சேலத்திலிருந்து மைசூருக்குப் போகிற தமிழனுக்கு உண்டாகும் வியப்பும் ஒரே ஜாதி வியப்பு.

இந்த ஒலி மாற்றம் குடும்பப் பெயர்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. லஃபித் என்று பிரான்சில் ஒரு குடும்பப் பெயர் உண்டு. அதே பெயர் கஸ்கோன் வாயில் லஹித். பொருள் என்னவென்றால், நட்டு வைத்த கல். நடுகல் நாட்டவராகிய நமக்கு இதைவிட நெருக்கமான பெயர் ஒன்று பிரெஞ்சில் இருக்குமா? ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறு. பாரிஸ் நகரத்துக் குமாஸ்தா ஒருவன் லஃபித் என்று எழுதினால் அது நாகரிகமான பெயர். கிராமத்துப் பாதிரியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் காதில் விழுந்தபடி லஹித் என்று எழுதினால் அது ஒரு பாட்டியின் குரல். எழுத்துப் பிழை என்று பள்ளிக்கூடத்தில் அடிக்கப்பட்டது, நூறு வருஷம் கழித்துச் சரித்திரத்துக்கு ஆதாரமாகிறது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நம்முடைய புள்ளேமாரிடம் வரும்போது எடுத்துக்கொள்வோம்.

கஸ்கோனியில் குடும்ப வீடும் நிலமும் சிதறாமல் ஒரே வாரிசுக்குப் போவது வழக்கமாக இருந்தது. இளையவர்கள் வாளை எடுத்துக்கொண்டு ராஜாவின் சேனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் போன இளைய பிள்ளையையும் சிறு தலைவனையும் குறித்த கஸ்கோன் சொல்லே பிரெஞ்சில் 'கதே' ஆயிற்று. அதுவே ஆங்கிலத்தின் வழியாக வந்து, நம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் காக்கி உடுத்து நிற்கும் என்.சி.சி. கேடட் ஆயிற்று. பூட்ஸுக்குப் பாலிஷ் போடவில்லை என்று அதட்டு வாங்கும் நம் வீட்டுப் பையன், தான் ஒரு கஸ்கோன் சொல்லைச் சுமந்து நிற்பதை அறியமாட்டான்.

காசில்லாத கௌரவம், கனத்த உச்சரிப்பு, ஓயாத வீரப்பேச்சு, இவற்றோடு பாரிசுக்கு வந்த கஸ்கோனியனைத் தலைநகரத்தார் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு முற்றி, ஒரு ஜனக்கூட்டத்தின் பெயர் ஒரு துர்க்குணத்தின் பெயராயிற்று. பிரெஞ்சில் 'கஸ்கோனாத்' என்றால் வெற்றுப் பெருமை, வாய்ச் சவடால். ஊரார் வைத்த பெயர் இது. அவர்களுள் சிலரோ தாங்களே தங்கள் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். தார்த்தாஞான் என்று நாவலில் படித்து நாம் மயங்கிய அந்த வீரன் நிஜமாகவே இருந்தவன். அவன் தகப்பன் வழிப் பெயர் பாத்ஸ் தெ கஸ்தெல்மோர். அரண்மனையில் கதவு திறக்கும் பெயர் தாய் வீட்டுப் பெயர் என்று கண்டு அதைச் சூடிக்கொண்டான். அவன் 1673-ல் மாஸ்திரிக்ட் முற்றுகையில் மாண்டான்.  அது நிற்க. நம் துய்மா வீதியில் நின்று, தார்த்தாஞான் கதையை எழுதிய துய்மா இவர்தானே என்று கேட்கிற வெளியூர்க்காரர்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். வீதிக்குப் பெயர் தந்தவர் 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்த வேறொரு துய்மா. சிரானோ தெ பெர்ழெராக் கதை இன்னும் வேடிக்கை. மேடையில் அவனைப் பெரிய கஸ்கோனியனாக 1897-ல் ரொஸ்தான் நிறுத்திவிட்டார். உண்மைச் சிரானோ பாரிசில் பிறந்தவன், பெர்ழெராக் என்பது பாரிசுக்கு அருகே அவன் குடும்பத்துக்கு இருந்த ஒரு நிலத்தின் பெயர். பெயரைப் பார்த்து ஊரை நிர்ணயிப்பவர்கள் சற்றே நிதானிக்க வேண்டும்.

ஒரு ஜனக்கூட்டத்தின் பெயரை வசைச் சொல்லாக்கும் வித்தையைப் பிரெஞ்சு பாஷை கஸ்கோனியரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிரெஞ்சு அகராதியைத் திறந்தால் 'பரியா' என்றொரு சொல் இருக்கும். சமூகத்தால் தள்ளப்பட்டவன், எவரும் அண்டாதவன் என்று பொருள் எழுதியிருக்கும். அது நம் மண்ணின் சொல். பறை என்னும் கருவியின் பெயரோடு இணைந்த பறையர் என்ற பெயர், போர்த்துக்கீசியர் காலந்தொட்டு ஐரோப்பியர் வாயில் அகப்பட்டு, 1791-ல் பெர்னார்தேன் தெ சேன்-பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதையாலும், 1821-ல் தெலவீஞ் எழுதிய 'பரியா' என்ற நாடகத்தாலும் பிரான்சு முழுவதும் பரவிற்று. அக்கதாசிரியர்களுக்கு இரக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊரைக் கூட்டிச் செய்தி சொன்ன ஒரு கருவியின் பெயர், ஊருக்கு வெளியே நிற்பவன் என்ற பொருளோடு உலகம் சுற்றியது. கஸ்கோனியனுக்கு நேர்ந்தது கேலி. இவர்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடிது.

இனி நம் ஊர். 1819 ஜனவரி 6-ஆம் தேதிச் சட்டப்படி, இங்குள்ள இந்தியர்களின் கலியாணம், சொத்து, தத்து முதலிய விவகாரங்கள் அவரவர் ஜாதி ஆசாரப்படியே, அதாவது மாமூல்படியே, நடக்கும் என்று பிரெஞ்சு சர்க்கார் உறுதி செய்தது. சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள 1827-ல் இந்தியப் பெரியோர்களைக் கொண்ட ஆலோசனைச் சபை ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். மாமூல் என்பது உயர்ந்தவனுக்குக் கேடயம். தாழ்த்தப்பட்டவனுக்கு அதுவே விலங்கு. பாரிசில் சமத்துவம் என்று கல்லில் எழுதியிருந்தது. இங்கே மாமூல் என்று காகிதத்தில் எழுதியிருந்தது.

1873-ல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் காலுறையும் சப்பாத்தும் அணிந்து நீதிமன்றத்தில் வந்து நின்றார். இந்தியர் அப்படி வரலாகாது என்பது வழக்கம். அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் ஜெயித்து வந்தார். ஒரு ஜோடி சப்பாத்துக்காகக் கடல் கடந்த வழக்கு அது. அவருடைய இயக்கமும் அவரைச் சேர்ந்தவர்களின் முயற்சியும் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிப் பிரகடனமாகக் கனிந்தன. விருப்பமுள்ள இந்தியர் எவரும், எந்த ஜாதியானாலும் எந்த மதமானாலும், தம் ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அது. துறந்தால் துறந்ததுதான், மீண்டும் பழைய சட்டத்துக்குத் திரும்ப முடியாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அதில் அடங்கினர். நம் ஊரார் இவர்களை ரெனோன்சான் என்றார்கள்.

துறப்புப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. துறப்பவன் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து அதிலேயே சொல்லவேண்டும். இதன் விசேஷத்தைத் தமிழர் அல்லாதார் எளிதில் உணரமாட்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் உண்டு, அது ஒரு தலைமுறையோடு மாறும். ஊர்ப் பெயர் உண்டு. ஜாதிப் பட்டம் உண்டு. பட்டத்தைத் துறக்க வந்தவன் பட்டத்தையே எழுதித் தரமுடியுமா? ஆகவே பேனாவைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்த குமாஸ்தாவின் எதிரே, நம் பாட்டன்மார் தங்களுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொள்ளும் அந்த அதிசய நிலையில் நின்றார்கள். பொன்னுத்தம்பி 'லபோர்த்' என்று சூடிக்கொண்டார். லபோர்த் என்றால் கதவு. பிரான்சில், கஸ்கோனியிலும்கூட, அது சாதாரணமாக வழங்கும் குடும்பப் பெயர்தான். ஆனால் தம் ஜனங்களுக்கு வாசல் திறந்தவர் அதைச் சூடியபோது, பிறப்பால் அதைப் பெற்ற எந்த லபோர்த்தும் அறியாத ஒரு பொருள் அதற்கு உண்டாயிற்று.

எல்லாரும் பிரெஞ்சுச் சொல்லை நாடவில்லை. புனிதர்களின் பெயரை எடுத்தவர் சிலர். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக நிறுத்திவிட்டவர் பலர். அவர்கள் கதைதான் எனக்கு மிகவும் ருசியானது. ஏனெனில் அங்கே தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் அடைக்க வேண்டியிருந்தது. ராமலிங்கம் என்பதை அப்படியே எழுதினால் பிரெஞ்சுக்காரன் கடைசி மகரத்தை விழுங்கி மூக்கால் முடித்துவிடுவான். ஆகவே கடைசியில் ஒலிக்காத ஓர் எகரத்தைக் காவல் வைத்தார்கள். நடராஜன், சரவணன் எல்லாரும் இந்தக் காவல்காரனைப் பின்னால் நிறுத்திக்கொண்டவர்களே. ராமசாமியை ஒற்றைச் சகரத்தால் எழுதினால் அது 'ஸ்ஜ' என்று இரைந்துவிடும். அதற்காக இரட்டைச் சகரம். இன்று பாரிஸ் நகரத்து விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்து, இந்தப் பெயர் ஏன் இவ்வளவு நீளம் என்று புருவத்தை உயர்த்துகிறான்; அந்த உபரி எழுத்துகள் எல்லாம் ஒரு தமிழ் மெய்யெழுத்தைச் சாகவிடாமல் காப்பாற்ற வந்தவை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இப்போது புள்ளே. பிள்ளை என்ற பட்டத்தை இங்குள்ள பிரெஞ்சுப் பத்திரங்களில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: பே, ஓ, உய், இரண்டு எல், ஓர் எ. வாய்விட்டுப் படித்தால் 'புள்ளே'. ரீயூனியன் தீவிலும் வீரப்பிள்ளை, வீராபுள்ளேதான். பண்டிதர்கள் இதைத் திரிபு என்பார்கள். திரிபு இல்லை, ஐயா! வீட்டில் 'அந்தப் புள்ளெயக் கூப்பிடு' என்கிறோமா, 'அந்தப் பிள்ளையைக் கூப்பிடு' என்கிறோமா? பெண்ணைப் பொண்ணு என்கிற, வீட்டை ஊடு என்கிற அதே வாய்தான் பிள்ளையைப் புள்ளே என்றது. உதட்டால் பிறக்கும் எழுத்துக்குப் பின்னால் வரும் இகர எகரங்களும் பல இடங்களில் உதட்டோடு சேர்ந்து குவிந்துகொள்வது பேச்சுத் தமிழின் இயல்பு. தமிழ்ப் புலவர் எவரும் அதை ஏட்டில் ஏற்றமாட்டார். ஏற்றினால் தொல்காப்பியர் கோபிப்பார் என்ற பயம். தொல்காப்பியம் படிக்காத பிரெஞ்சுக் குமாஸ்தாவோ, காதில் விழுந்ததை எழுதினான். லஹித் என்று எழுதிய கிராமத்துப் பாதிரியாரைப் போலவே அவனும், தான் அறியாமலே, நம் பாட்டிமாரின் உச்சரிப்பைத் தேதி போட்டு முத்திரை குத்திப் பத்திரப்படுத்திவிட்டான்.

பெயரை மாற்றினால் போதுமா என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சண்முக முதலியார் தலைமையில் ஆசாரக் கட்சி பலமாக நின்றது. 1884-ல் வாக்காளரை ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். சமத்துவத்துக்காகப் பெயரைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது நடுப் பட்டியல். துறந்தவர்களுள் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருமே மிகுதி; அவர்களுடைய புதிய பெயரைக் கேட்டு வீதியில் சிரித்தவர்களும், கஸ்கோனியனைக் கண்டு சிரித்த பாரிஸ்காரர்களும் ஒரே வர்க்கம் என்பேன். ஆனால் அந்தப் பெயரோடுதான் அவர்கள் கப்பலேறிச் சைகோனுக்குப் போய், வரி வசூலிலும் காவல் இலாகாவிலும் பிரெஞ்சுப் பிரஜையாக உத்தியோகம் பார்த்தார்கள். சைகோன் பணத்தில் கட்டிய வீடுகள் நம் ஊரில் இன்றும் நிற்கின்றன. செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது 1929-ல். அதற்கு 48 வருஷம் முந்தியே இந்தச் சிறிய ஊரில், ஆரவாரம் இல்லாமல், முத்திரைத் தாளில் அதைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதைத் தமிழ்நாட்டுச் சரித்திர நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

என் தாய்வழி முன்னோர் ஒருவரின் துறப்புப் பத்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. நாலாக மடித்த தாள். பிரெஞ்சில் சாய்ந்த அழகான எழுத்து. இன்ன தேதி முதல் தானும் தன் சந்ததியும் இன்ன பெயரால் வழங்கப்படுவோம் என்ற வாசகம். பிரெஞ்சுப் பெயர்தான் தேர்ந்திருக்கிறார். அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத அந்தக் காலத்துத் தமிழில், தம் பழைய பெயரை எழுதியிருக்கிறார். அவர் கைக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றே. பத்திரம் முழுவதும் எந்தப் பெயரை விடுகிறேன் என்று சொல்கிறதோ, அந்தப் பெயர்தான் அதைச் செல்லுபடியாக்குகிறது. அவருடைய மனைவி கடைசிவரையில் புதிய பெயரைச் சொல்லவே இல்லையாம். கணவன் பெயரை வாயால் சொல்லலாகாது என்ற வழக்கத்தால் அவள் பழைய பெயரையும் சொன்னதில்லை என்று என் தாயார் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவைத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் இத்தகைய தாள்கள் கிடக்கக்கூடும். படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை என்பதால் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுத் தாளும் ஒரு பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது, நாளிதழ்க் கட்டோடு சேர்ந்து தராசுத் தட்டுக்கே போய்விட்டது. எடை போட்டு, விலையும் பேசியாகிவிட்டது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த குண்டூசி கையில் குத்தியதால்தான், என்ன காகிதம் இது என்று என் தாயார் உருவிப் பார்த்தார்.